ரேழியிலேயே நின்றுவிடும் வைஃபை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: ‘புது ரவுட்டர் வாங்கிவிடட்டுமா?’ பெரும்பாலும் வேண்டியதில்லை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. அதை மாட்டிய இடம், அதிலிருந்து போகும் கம்பி, அதற்கு வரும் கரண்ட் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய காலத்து வீடு. தெருப்பக்கம் 18 அடிதான் அகலம். உள்ளே திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று 110 அடி நீளம். ஃபைபர் லைன் போட வந்தவர்கள் பெட்டியை ரேழியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மகள் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் நெட் அறுந்து அறுந்து போகிறது. கடைக்காரர் ஆறு ஆன்டெனா வைத்த ரவுட்டரை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள். ஆன்டெனா கூடினால் ஒரே நேரத்தில் கூடுதல் டேட்டா போகும். சுவரைத் துளைக்கும் பலம் அதனால் வந்துவிடாது. இன்னொன்றும் உண்டு: வைஃபை ஒருவழிப் பேச்சல்ல. ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், மகளின் லேப்டாப் முனகுவது ரேழி வரை கேட்டாக வேண்டும். லேப்டாப்பின் ஆன்டெனா சின்னது, பலமும் குறைவு. ‘சிக்னல் முழுசா காட்டுது, நெட் மட்டும் வரலை’ என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வீட்டுச் சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாது, செங்கல்லும் சுண்ணாம்பும். ரேழியிலிருந்து இரண்டாம் கட்டுக்குள் அப்படி மூன்று நான்கு சுவர்கள் இருக்கும். வழியில் ஒரு இரும்பு பீரோ நின்றால் அதற்குப் பின்னால் நிழல் விழுந்த மாதிரிதான். கண்ணாடி பதித்த அலமாரி, பித்தளை அண்டா அடுக்கிய பரண் எல்லாம் இதே கணக்கு.

இந்த வகை வீட்டில் ஒரு வசதியும் இருக்கிறது: முற்றம். திறந்த வெளியில் சிக்னல் தாராளமாகப் போகும். ஆகவே முதலில் செலவில்லாத வழி. ரவுட்டர் தனிப் பெட்டியாக இருந்தால் அதை ரேழியிலிருந்து கூடத்துக்கு, முற்றத்தைப் பார்த்த தூண் ஓரத்துக்கு, ஆள் உயரத்தில் கொண்டுவாருங்கள். அங்கிருந்து முன்கட்டுக்கும் இரண்டாம் கட்டுக்கும் ஒரு சுவர், மிஞ்சினால் இரண்டு சுவர்தான் குறுக்கே வரும். ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்கட்டும். சிக்னல் குச்சியின் நுனியிலிருந்து போவதில்லை, பக்கவாட்டில்தான் பரவும். மாடியில் ஆள் இருந்தால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

ஃபைபர் நுழையும் பெட்டியை (லைன்காரர்கள் ஓஎன்டி என்பார்கள், வீட்டில் நாம் மோடம் என்கிறோம்) நீங்களாக நகர்த்த வேண்டாம். கண்ணாடி இழை முறுக்கினால் போயிற்று. ரவுட்டரும் அதற்குள்ளேயே இருந்தால், மோடம் ரேழியிலேயே இருக்கட்டும். அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேட் 6 கேபிளை உள்ளே இழுத்து, கடைசியில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றைச் சாதாரண ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஆக, அதாவது கேபிளில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக வையுங்கள். பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும், அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையோடு வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் இருந்தால்.

கேபிளைக் கூரைச் சரத்தோடு ஒட்டி, நெளிவு சுளிவோடு 35 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், கவலையில்லை. கடையில் வாங்கும்போது முனையில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம். விலை குறைவு என்று அதைக் கட்டிவிடுவார்கள். இரண்டு மழைக்காலம் போனால் முனை அரித்து, மடித்த இடத்தில் ஒடியும். உள்ளும் புறமும் சிவப்பாக இருப்பதே செம்பு. ஈபி ஒயர் போகும் குழாய்க்குள் இதை நுழைக்கவே கூடாது. பக்கத்தில் போக நேர்ந்தால் ஒரு சாண் தள்ளியே போகட்டும். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

இரண்டு முனையிலும் ஆர்ஜே 45 கிளிப். கேபிள் கீழே தொங்க, தங்கப் பற்கள் உங்களைப் பார்க்க, கிளிப்பின் நாக்கு பின்பக்கம் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரு முனையும் இதே வரிசை. இதில் அதிகம் நடக்கும் தவறு, பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவது. பச்சை ஜோடியைப் பிரித்து, நடுவில் நீல ஜோடி உட்கார வேண்டும்.

வேலை முடிந்ததும் கணினியில் இணைப்பின் வேகம் 1 கிகாபிட் என்று காட்டுகிறதா பாருங்கள். 100 மெகாபிட் என்று காட்டினால் நெட் ஓடும், ஆனால் நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ சரியாகக் கடிக்கவில்லை என்று அர்த்தம். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

இனி இரண்டாவது ரவுட்டரின் செட்டிங். மோடத்தோடு இணைக்கும் முன்பே, அதைத் தனியாக லேப்டாப்பில் செருகி இதையெல்லாம் முடித்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அரை நாள் உட்கார்ந்திருப்பார்கள். மோடத்தின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1, பழைய ரவுட்டரும் அதையே வைத்திருக்கலாம். ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே இரண்டாவதற்கு 192.168.1.2 என்று கொடுத்து சேவ் செய்யுங்கள். அது மறுபடி எழுந்ததும் புது முகவரியில் உள்ளே போய் டிஎச்சிபி என்பதை அணையுங்கள். வீட்டிலுள்ள போன்களுக்கெல்லாம் எண் வழங்கும் வேலை அது. அதை மோடம் ஒன்று மட்டும் செய்தால் போதும். மோடத்தின் டிஎச்சிபி பக்கத்தில், வழங்கும் எண்கள் 192.168.1.100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால் 2-ஆம் எண்ணை வேறு எந்த போனுக்கும் தூக்கிக் கொடுத்துவிடாது.

பிறகு ரேழியிலிருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் லேன் துளையில் செருகுங்கள். வெளி லைனுக்கென்று நிறம் மாறியிருக்கும் வேன் துளையில் அல்ல. புது மாடல்களில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்றே ஒரு தேர்வு இருக்கும். அதைத் தொட்டால் மேலே சொன்னதையெல்லாம் தானே செய்துகொள்ளும், எந்தத் துளையும் ஆகும்.

இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட், ஒரே பாதுகாப்பு வகை வையுங்கள். நடக்க நடக்க போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதுக்கு 11. சில போன்கள் ரேழியின் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டே கொல்லை வரை வரும். அப்போது மோடத்தின் 2.4 பலத்தை ‘மீடியம்’ ஆகக் குறையுங்கள். குறைத்தால் நன்றாக வேலை செய்யும் என்பதை நம்ப மனம் வராது, செய்து பாருங்கள்.

கேபிளே இழுக்க முடியாது என்றால், கம்பியில்லாமல் தமக்குள் பேசி ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் பெட்டிகள் இரண்டு. சுவரில் செருகும் மலிவான ரிப்பீட்டரை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேட்டதை அதே அலையில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். அதையும் சிக்னல் செத்த இடத்தில் மாட்டிவிட்டு ‘வேலை செய்யலை’ என்பார்கள். மெஷ்ஷோ ரிப்பீட்டரோ, அதன் இடம் பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில்தான்.

கேள்வி: வீட்டுக்கும் அரிசி மில் ஆபீசுக்கும் நடுவே 60 மீட்டர். வீட்டு மோடத்திலிருந்து லேன் கேபிளைக் கம்பம் கம்பமாகக் கட்டி இழுத்திருந்தோம். ஐப்பசி மழையில் ஒரு இடி. இரண்டு பக்கமும் ரவுட்டர் போய்விட்டது, கம்ப்யூட்டரின் லேன் துளையும் கருகிவிட்டது. திரும்ப அதையே போடலாமா, வேறு வழி உண்டா? குடோனுக்குள் போன் எடுக்கவே எடுக்காது.
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: திரும்ப அதைப் போடாதீர்கள். மின்னல் உங்கள் கம்பியில் நேராக விழுந்திருக்க வேண்டும் என்றில்லை. வயலில் எங்கோ விழுந்தாலும், வெட்டவெளியில் 60 மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் செம்புக் கம்பியில் சில ஆயிரம் வோல்ட் தூண்டப்படலாம். லேன் துளை அதைத் தாங்காது. இரண்டு கட்டிடத்தின் எர்த்தும் வேறு வேறாக இருப்பது இன்னொரு வம்பு.

இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே கண்ணாடிதான் போக வேண்டும். ஒற்றை இழை ‘சிங்கிள் மோட்’ டிராப் கேபிள், இரு முனையிலும் ஒரு கிகாபிட் மீடியா கன்வெர்ட்டர். கேபிள் டிவி, ஃபைபர் வேலை செய்பவர்கள் யாரும் அரை நாளில் போட்டுத் தருவார்கள். வாங்கும்போது மூன்று விஷயம்.

ஒன்று, மீடியா கன்வெர்ட்டர் ஜோடியாகத்தான் வரும்: ஏ, பி. ஒரே இழையில் ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் கேட்கும், மற்றது தலைகீழ். கடைக்காரர் கைமறதியாக இரண்டு ‘ஏ’ கொடுத்தால் விளக்கே எரியாது. பெட்டி மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டு, முனையின் நிறம். மோடத்தில் செருகும் கனெக்டர் பச்சை; அதன் கண்ணாடி முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டியது. மீடியா கன்வெர்ட்டரில் பெரும்பாலும் நீலம், நேர் முகம். இரண்டும் ஒரே அளவில் இருப்பதால் பச்சை நீலத்துக்குள் போய்விடும், ஆனால் முகமும் முகமும் ஒட்டாது. வெளிச்சம் பாதி வழியிலேயே சிதறும். ‘புதுசு, ஆனா விட்டு விட்டு வருது’ என்கிற ரகக் கோளாறு இது.

மூன்று, டிராப் கேபிளோடு ஒட்டி ஓடும் தாங்கு கம்பி. அது பெரும்பாலும் எஃகு. இழை மின்சாரம் கடத்தாது, எஃகு கடத்தும். கட்டிடத்தின் வெளிச்சுவர் கொக்கியிலேயே அதைக் கட்டிவிட்டு, அங்கிருந்து பிரித்து, இழை மட்டும் உள்ளே வரட்டும். இரும்பே இல்லாத, நார்க் குச்சி வைத்த டிராப் கேபிளும் கிடைக்கிறது; கிடைத்தால் அதுவே வாங்குங்கள். மூலையில் திருப்பும்போது வளைவு ஒரு தேநீர் டம்ளரின் வாயை விடச் சிறிதாகக் கூடாது. ஆணி அடித்து மடக்கிக் கட்டுவது இழைக்கு எமன்.

தென்னந்தோப்பு குறுக்கே இல்லாமல் கண்ணுக்கு நேராக இரண்டு மாடியும் தெரிந்தால், ஒயர்லெஸ் பாலம் என்று ஒரு ஜோடிக் கருவி இருக்கிறது. நனைந்து ஆடும் தென்னை மட்டை நடுவில் வந்தால் அது சரிப்படாது. 60 மீட்டருக்கு ஃபைபர்தான் எங்கள் கட்சி.

எத்தனை ஃபைபர் போட்டாலும் ஈபி லைன் வழியாக இடி வரும். வானம் கறுத்தால் அடாப்டர்களைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

குடோன் விஷயம் தனி. தகரக் கொட்டகை என்பது சிக்னலுக்குப் பெட்டியின் மூடி. வெளியே என்ன வைத்தாலும் உள்ளே போகாது. ஆபீசிலிருந்து ஒரு லேன் கேபிளை உள்ளே இழுத்து, தனி ஆக்சஸ் பாயின்ட்டை 10, 12 அடி உயரத்தில் மாட்டுங்கள். மூட்டை அடுக்கு எந்த உயரம் வரை ஏறும் என்று பார்த்து அதற்கு மேலே மாட்டவும். நீர் இந்த அலையைக் குடிக்கும். ஈர நெல் மூட்டைகள் தலைக்கு மேல் அடுக்கியிருந்தால் அந்தப் பக்கம் சிக்னல் மங்கிவிடும். குறுவை அறுவடைக்கு முன் நன்றாக இருந்தது, பிறகு இல்லை என்றால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தவிட்டுத் தூசு காற்றுத் துளைகளை அடைக்கும். மாதம் ஒரு முறை பிடுங்கி, உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

கேள்வி: இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் நெட் அறுந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் வருகிறது. மினி யுபிஎஸ் வாங்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: ஈபியிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் மோடம் மயங்கி விழுந்து, மறுபடி முதலிலிருந்து எழுகிறது. இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அதோடு தீர்ந்தது.

தீரவில்லை என்றால் மினி யுபிஎஸ் நல்ல பொருள்தான். மோடத்தின் அடாப்டரைத் திருப்பி, சின்ன எழுத்தில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்பதுபோல் இருக்கும். வோல்ட் அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டரில் 12-ஐச் செருகிச் சுட்டவர்கள் உண்டு. மோடம், ரவுட்டர் இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னின் துளையும் பார்க்க வேண்டும்: 2.1 மில்லிமீட்டரும் 2.5-உம் பார்வைக்கு ஒன்றுதான். தவறானது தளர்வாக உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றுக்கே அணைந்து எரியும்.

எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில்தான் விளம்பரம் விளையாடும். 8000 எம்ஏஎச் என்று அட்டையில் போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 8 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 29.6 வாட்-மணி. 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சூடாகிப் போகும். கையில் 25 மிஞ்சும். மோடம் நிஜத்தில் இழுப்பது சுமார் 8 வாட். ஆக மூன்று மணி நேரம். செல் பழசாகப் பழசாக இதுவும் குறையும். வெயில் அடிக்கும் ஜன்னலிலோ, அமில ஆவி வரும் இன்வெர்ட்டர் பேட்டரியின் மேலேயோ வைத்தால் சீக்கிரமே குறையும். கஜா புயல் மாதிரி நாள்கணக்கில் இருட்டு என்றால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இது தினசரிக் கரண்ட் வெட்டுக்கு.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை கரண்ட் போனதும், இன்வெர்ட்டரில் மோடம் எழுந்த பிறகு, ‘பான்’ என்ற விளக்கு அசையாமல் பச்சையாக இருக்கிறதா? இருந்தால் தெருவிலிருந்து வெளிச்சம் வருகிறது, யுபிஎஸ் பயன்படும். அந்த விளக்கு விட்டுவிட்டு மினுக்கினாலோ, மோடம் முழுசாக எழுந்தும் நெட் இல்லை என்றாலோ, தெருமுனையில் உங்கள் லைன்காரரின் பெட்டி கரண்டில் ஓடுகிறது. அங்கே பேட்டரி இல்லை. வீட்டில் எத்தனை யுபிஎஸ் வைத்தும் பலனில்லை, அவரிடம்தான் பேச வேண்டும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையோடு ஆன்லைன் விண்ணப்ப வேலையும் செய்கிறோம். மூன்று கம்ப்யூட்டர், இரண்டு பிரிண்டர். காலையில் கடை திறந்தால் ஏதாவது ஒரு பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ காட்டுகிறது. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது வரிசையில் நிற்கிறவர்களும் வைஃபை பாஸ்வேர்ட் கேட்கிறார்கள்.
– வாசகர், திருவாரூர்

பதில்: பிரிண்டர் கெடவில்லை. இரவு அணைத்துக் காலையில் போட்டதும், ரவுட்டர் அதற்கு வேறு எண் கொடுத்துவிடுகிறது. கம்ப்யூட்டரோ நேற்றைய எண்ணில் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டேட்டிக் லீஸ்’ என்று இருக்கும். பிரிண்டரின் மேக் எண்ணை (கருவிக்குக் கருவி மாறும் அடையாள எண்; பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் அறிக்கை ஒன்றை அச்செடுத்தால் அதில் இருக்கும்) அங்கே கொடுத்து, ஒன்றுக்கு 192.168.1.20, மற்றதுக்கு 21 என்று பூட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் என்று போய்ப் பாருங்கள். டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட் டிக் ஆகியிருந்தால் அதுவும் ஒரு காரணம். ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ புதிதாகச் சேர்த்து இந்த எண்ணைக் கொடுங்கள். முடிந்தால் பிரிண்டருக்கு லேன் கேபிளே போடுங்கள். நகராத பொருளுக்கு எதற்கு வைஃபை?

வரிசையில் நிற்பவர்களுக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மக்களின் ஆதார் நகல் கிடக்கும் கம்ப்யூட்டரும் அவர்கள் போனும் ஒரே அறையில் உட்கார்ந்த மாதிரி. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்பதைத் திறந்து, வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட் வைத்து, ‘லோக்கல் நெட்வொர்க்கை அணுக அனுமதி’ என்ற கட்டத்தில் டிக் எடுத்துவிடுங்கள். கியூஆர் குறியாக அச்சடித்து ஒட்டலாம். வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால் 5 எம்பிபிஎஸ் போதும், இல்லையென்றால் யாராவது ஒருவர் படம் பார்க்கத் தொடங்கினால் அரசு இணையதளம் உங்களுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். கெஸ்ட் நெட்வொர்க்கை மோடத்தில், அதாவது எண் வழங்கும் பெட்டியில் திறக்கவும். ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிய இரண்டாவது ரவுட்டரில் திறந்தால் பல மாடல்களில் இந்தத் தடுப்பு வேலை செய்யாது. திறந்தபின் உங்கள் போனை அதில் இணைத்து, பிரவுசரில் 192.168.1.20 என்று அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் தடுப்பு இல்லை.

கையோடு இன்னும் இரண்டு: ‘அட்மின்’ என்றே இருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பாஸ்வேர்ட் அடிக்காமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை செட்டிங்கில் அணையுங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2. எல்லாக் கருவியும் புதுசு என்றால் டபிள்யூபிஏ3.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். போனில் சோதித்தால் 40 தாண்டவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு. லைன்காரர் ஏமாற்றுகிறாரா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஏமாற்றியதாக முடிவு கட்டும் முன் லேன் கேபிளில் ஒரு கம்ப்யூட்டரை இணைத்துச் சோதியுங்கள். அதில் 190 வந்தால் அவர் மேல் தவறில்லை. 94 அளவில் நின்றால், கம்ப்யூட்டரிலோ மோடத்திலோ 100 மெகாபிட் துளை, அல்லது கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன நீல-பிரவுன் ஜோடிக் கோளாறு.

உங்கள் போன் 2.4-இல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்றே தோன்றுகிறது. அதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆன்டெனா போனுக்கு ஏட்டில் கிடைப்பதே 72 எம்பிபிஎஸ். கைக்கு வருவது அதில் பாதி. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், அதே அறையில் 200-ஐ முழுதாகக் காணலாம். ரவுட்டரில் ‘5ஜி’ என்று முடியும் பெயர் இதுதான். மொபைல் 5ஜிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. சேனல் 36 அல்லது 149-இல் வையுங்கள். இடைப்பட்ட 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் அலைகள். ரேடார் தென்பட்டதாக ரவுட்டர் நினைத்தால் சொல்லாமல் சேனல் மாறிவிடும்.

அடுக்குமாடியில் 2.4-க்கு 1, 6, 11 மூன்றில் ஒன்றுதான். ‘எல்லாரும் 6-இல் இருக்கிறார்களே, நாம் 8-இல் ஒதுங்குவோம்’ என்று போனால் 6-க்கும் 11-க்கும் இரண்டு பக்கமும் இடைஞ்சல், உங்களுக்கும் சேர்த்து. 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைப்பது குறுகலான சந்தில் டிராக்டரை நிறுத்துவது போல.

200 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 25 மெகாபைட். எட்டால் வகுக்காமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: மோடத்தில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. நாங்களே ஏதாவது செய்யலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம், ரவுட்டர் செட்டிங்கில் கை வைக்க ஒன்றுமில்லை. பச்சை கனெக்டர் முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பாருங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கேபிள் நசுங்கியிருக்கிறதா, தோட்டத்துப் பக்கம் அணில், எலி கடித்த தடம் உண்டா என்று கண்ணால் தொடர்ந்து போங்கள். கனெக்டரைக் கழற்றி முந்தானையில் துடைப்பதும், எரிகிறதா என்று நுனிக்குள் எட்டிப் பார்ப்பதும் கூடவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதல்ல.

சரிசெய்ய வருபவரிடம் ‘பவர் எவ்வளவு?’ என்று மட்டும் கேளுங்கள். மைனஸ் 18, மைனஸ் 22 என்றால் நலம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இப்போதைக்கு ஓடும், முதல் மழைக்கு நிற்கும். முனையை மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு 3 குறைந்தாலும் வெளிச்சம் பாதியாகிறது.

கேள்வி: பாஸ்வேர்ட் மறந்ததால் ஊசியால் ரீசெட் அழுத்தினேன். இப்போது வைஃபை வருகிறது, நெட் வரவில்லை.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஊசிப் பொத்தான், நெட்டுக்குள் நுழைய லைன்காரர் போட்டுவைத்த (பிபிபிஓஇ என்பார்கள்) யூசர்நேம், பாஸ்வேர்ட், லைனை அடையாளம் காட்டும் விலேன் எண் மூன்றையும் துடைத்துவிட்டது. அவரிடம் கேட்டு வாங்கி, வேன் பக்கத்தில் திரும்ப இட வேண்டும். வந்ததும் அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்த வைஃபை பாஸ்வேர்டை, ஏற்கெனவே இணைந்திருக்கும், ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய போனில் ‘ஷேர்’ தொட்டால் பெரும்பாலும் பார்த்திருக்கலாம்.

கேள்வி: ரவுட்டருக்குள் பல்லி புகுந்துகொள்கிறது. துணி போட்டு மூடலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மூடினால் பல்லி வராது, சூடு வெளியே போகாது. அந்த இளஞ்சூட்டுக்குத்தான் பல்லியும் எறும்பும் தேடி வருகின்றன. உள்ளே மின்சாரம் ஓடும் பின்களின் குறுக்கே பல்லி விழுந்து போர்டு போன பெட்டிகள் உண்டு. காற்றுத் துளைகள் மேல், பூச்சி வலையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஓரத்தில் மட்டும் டேப் ஒட்டி மாட்டுங்கள். உப்புக்காற்று ஊர் என்பதால் வலை நைலானாக இருக்கட்டும். இரும்பு வலை துருப்பிடிப்பது ஒருபுறம், சிக்னலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.